மிளகாய் மில்லில் ஒரு கதிரை

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கு யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் இடுப்பு என்னுடையதாக இல்லை. வெள்ளவத்தையிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர், கட்டணம் 2,900 ரூபாய், "நல்லாச் சாயும் சீற் அக்கா" என்று சொல்லி விற்ற ஆசனம். முன்னால் இருந்தவருடையது சாய்ந்தது, என் மடிவரைக்கும் சாய்ந்தது. என்னுடையது கடைசிவரை அசையவில்லை. வவுனியாவில் நடத்துநரிடம் முறையிட்டேன். "அது கொஞ்சம் இறுக்கம், பழகினால் சரிவரும்" என்றார். சாவகச்சேரியில் மறுபடி கேட்டேன். அதே பதில். இறங்குவதற்கு அரை மணித்தியாலம் இருக்கையில் நான் எப்போது பழகி எப்போது சாய்வது?

நான் வந்த காரியமும் ஒரு கதிரைதான். மானிப்பாயில் இருக்கும் என் அக்கா ராணியின் கணவருக்கு, அதாவது எங்கள் அத்தானுக்கு, ஒரு கதிரை வேண்டும். அத்தான் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஆறடி மனிதர். மூன்று மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போது பொல்லை ஊன்றி மெல்ல நடக்கிறார். ஆனால் தாழ்ந்து பதிவான இருக்கையில் இருந்தாரோ, பிறகு இரண்டு பேர் தூக்கினால்தான் எழும்புவார். அதனால் பகல் முழுவதும் கட்டிலிலேயே கிடக்கிறார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அக்காவின் மகள் துளசியைப் பேசி முடிக்கப் பருத்தித்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்கு அத்தான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வீடு தேடி வாற சனத்தைக் கட்டிலிலை கிடந்துகொண்டு வாங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். ரண்டு பேர் பிடிச்சு நிப்பாட்டவும் வேண்டாம். நானா எழும்பி நிண்டு கூப்பிடவேணும். ஏலாட்டி அவையை இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ." மூன்று மாதத்தில் மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஒரே விடயம் இதுதான்.

வீட்டிலுள்ள செற்றிச் சோபாவுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தலாமே என்று நான் சொன்னேன். "கல்லுக்கு மேலை ஏத்தி வைச்ச மனிசனைப் பாக்கவோ அவை வருகினம்?" என்று அக்கா சீறினாள். தச்சரைக் கேட்டால், வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீட்டுக் கதவு யன்னல் வேலை தலைக்கு மேலே இருக்கிறது, கார்த்திகை கழிய வாருங்கள் என்கிறார். பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தார்கள், ஊன்றி எழும்பும்போது கைப்பிடி வளைகிறது. கொழும்பில் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். இருந்து பார்க்காமல் கதிரை வாங்குவது விசர் வேலை என்று அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆசுபத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், இருக்கை இருபத்தோரு அங்குலம் உயரமாக, ஊன்றி எழும்பக் கைப்பிடியுடன் இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். அக்கா வீட்டில் அளவுநாடா இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கட்டில் விளிம்பில் இருந்த அத்தானின் காலோடு பிடித்துப் பார்த்துத் தறித்து வைத்திருந்தாள். காலைத் தேத்தண்ணீர் குடித்து முடியுமுன்பே அது என் கைப்பைக்குள் வந்துவிட்டது. அத்தானுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் முதல் நாள் நான் மட்டும்தான் போகவேண்டும்.

"முறிச்சுப்போடாதை. அதுதான் அளவு" என்றாள்.

எட்டு கிலோமீற்றர் மினிபஸ்ஸில் நின்றுகொண்டே பட்டணத்துக்குப் போனேன், ஈர்க்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு.

பத்து மணிக்கு முதற் கடை. பட்டணத்தின் நடுவே புதிதாக எழும்பியிருக்கும் வணிக வளாகத்தின் மூன்றாம் மாடி. மின்தூக்கி இருக்கிறது, அதன் கதவில் 'வேலை செய்யாது' என்ற அட்டையும் இருக்கிறது. அட்டை மங்கிப்போயிருந்ததைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கும் போலிருந்தது. கைத்தொலைபேசி உறை, சீலை, பாதணி எல்லாவற்றையும் கடந்து மூச்சிரைக்க ஏறிப்போனால், மண்டபம் நிறையச் சோபாக்கள். எல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் ஈர்க்கை நிறுத்தினேன். அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

"இதைவிட உயரமா ஒண்டும் இல்லையோ தம்பி?"

"இப்பத்தை டிசைன் உதுதான் அக்கா. இப்ப எல்லாரும் பதிவாத்தான் கேக்கினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்? இருந்து எழும்பிற ஆக்களோ?"

"வீடியோ கோலிலை கனடாவிலை இருந்து பாத்துச் சொல்லுவினம் அக்கா. அவைதானே வாங்கித் தருகினம்."

இதுதான் சங்கதி. கதிரையில் இருக்கப்போவது மானிப்பாயில், கதிரையைத் தெரிந்தெடுப்பது கனடாவில். நான் நிற்கும்போதே ஒரு பெண் தொலைபேசியைச் சோபாவுக்கு முன்னால் காட்டிக்கொண்டு இடமும் வலமுமாக நடந்தாள். "மற்றப் பக்கம் திருப்பு, கால் தெரியேல்லை" என்று தொலைபேசி கத்தியது. சோபாவுக்குக் கால் என்று ஒன்று இருந்தால்தானே தெரியும்.

இரண்டாவது கடை பலாலி வீதிப் பக்கம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர். இங்கே உயரமான கைக்கதிரை ஒன்று கண்ணில் பட்டது. ஈர்க்கை வைத்தால் ஒரு விரற்கடைதான் குறைவு. விலை 68,000. போகட்டும் என்று அதில் இருந்து பார்க்கப் போனேன். "அம்மா, இருக்கக் கூடாது!" என்று ஒரு பெண் ஓடிவந்தாள். கதிரையில் இருக்கக் கூடாதாம். மேலே போட்டிருக்கும் பிளாஸ்ரிக் உறை சுருங்கிவிடுமாம்.

"அப்ப எப்பிடிப் பிள்ளை பாத்து வாங்கிறது?"

"வாங்கினாப் பிறகு வடிவா இருக்கலாம் அம்மா."

"வாங்கினாப் பிறகு எழும்ப ஏலாட்டி?"

அவள் போய் மேலாளரைக் கேட்டுவந்தாள். எழும்ப முடியாவிட்டாலும் திருப்பி எடுக்கமாட்டார்களாம். கோதாரி! உறையைக் காப்பாற்றக் கதிரை செய்கிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். வெளியே வந்து வெயிலில் நின்று ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு இன்னும் நாலு கடை ஏறி இறங்கினேன். எழுதினால் உங்களுக்கும் கோபம் வரும், விடுகிறேன். பின்னேரம் வெறுங்கையோடு மானிப்பாய் திரும்பினேன். அறைக் கதவு திறந்திருந்தது. அத்தான் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் எனக்கு அவ்வளவு அந்தரமாக இருந்திராது.

வெள்ளிக்கிழமை துளசி வங்கிக்கு லீவு போட்டுத் தகப்பனோடு நின்றாள், அக்கா என்னோடு புறப்பட்டாள். ஓட்டோக்காரர் தவம் அண்ணை, போய்வர 4,500 ரூபாய் பேசினார். எங்கள் கதையை வீட்டு ஒழுங்கை தாண்டித் தெருவுக்கு ஏறுமுன்பே கேட்டுவிட்டு, "அப்ப மிளகாய் மில்லுக்குப் போவம்" என்றார்.

"கதிரை வாங்க மில்லுக்கோ?" என்றேன்.

"இப்ப அது தளபாடக் கடை. ஆனால் சனம் இன்னும் மில் எண்டுதான் சொல்லுது."

யாழ்ப்பாணம் தாண்டி அரியாலை, நாவற்குழிப் பாலம், கைதடி. மானிப்பாயிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் தள்ளி, சாவகச்சேரி கடந்து கொடிகாமம் போகும் வழியில் அந்தக் கட்டடம் நின்றது. நீளமான மண்டபம், உயரமான தகரக் கூரை. முகப்பில் 'நவீன இல்லத் தளபாடங்கள்' என்று நீலத்தில் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே 'மிளகாய், மல்லி, அரிசி அரைத்துக் கொடுக்கப்படும்' என்ற பழைய எழுத்து இன்னும் பல்லைக் காட்டுகிறது. உள்ளே இயந்திரத்தை ஓட்டிய நீண்ட இரும்புத் தண்டை அப்படியே விட்டு, அதில் கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே கட்டில், அலுமாரி, செற்றி. பார்க்க வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் உள்ளே அடுப்படி வெக்கை. காற்றாடிகள் எட்டும் நின்றபடி நிற்கின்றன, சுவிட்சுகளின் மேல் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறது.

உரிமையாளர் சிவலிங்கத்தார் கழுத்தில் துவாயோடு வந்தார். வியர்வையில் குளித்திருந்தார். அக்கா அளவைச் சொன்னாள். "உயரமெண்டால் ஒரு கதிரை கிடக்கு, ஆனால் அது பிழையா வந்தது" என்று மூலையிலிருந்து இழுத்துவந்தார். தேக்கங் கதிரை, நல்ல அகலக் கைப்பிடி. கால் இரண்டு அங்குலம் கூட வைத்துச் செய்துவிட்டார்களாம். பார்க்கிறவர்கள் எல்லாரும் கதிரைக்கு ஏணி வேண்டுமோ என்று சிரித்துவிட்டுப் போகிறார்களாம். நான் ஈர்க்கை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். நுனிக்கு நுனி சரி.

அக்கா இருந்தாள், எழும்பினாள். மறுபடி இருந்தாள், அத்தானைப்போல இரண்டு கையையும் ஊன்றி எழும்பினாள். அவள் கண் கலங்கியதைக் கண்டேன். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு விலை பேசத் தொடங்கினாள். 42,000 என்றார், 38,500இல் வந்து நின்றது. வீட்டிலே கொண்டுவந்து இறக்குவதும் அதற்குள்.

இந்தப் பேரம் முடிவதற்குள் நான் அவிந்துபோனேன். இவ்வளவு காற்றாடியை வைத்துக்கொண்டு மனிதரை வேகவைக்கிறார்களே என்ற கடுப்பில், அக்கா காசை எடுக்கப் பையைத் திறந்த நேரம், ஒரு சுவிட்சின் பிளாஸ்ரரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். "ஐயோ அக்கா, வேண்டாம்!" என்று சிவலிங்கத்தார் கத்தியது கேட்டது. காற்றாடி சுழன்றது. கூரை மரங்களில் காலங்காலமாகப் படிந்து கிடந்த மிளகாய்த்தூள் மெல்ல இறங்கியது. நான் தும்மினேன்.

ஒரே ஒரு தும்மல்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியம் முடியும் தறுவாயில் இரண்டு தும்மல் கேட்டால் பாதகமில்லை. ஒற்றைத் தும்மல் கேட்டால் காரியம் நின்றுவிடும். கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் தொடங்கவேண்டும். எனக்கு இதிலெல்லாம் ஒரு சதத்துக்கும் நம்பிக்கை கிடையாது. அக்காவுக்கு உண்டு. காசு பைக்குள் திரும்பிப் போனது.

மேசையில் தண்ணீர்ச் செம்பு தயாராக இருந்தது. அக்கா குடித்தாள், பையைத் திறந்தாள். கதவடியில் நின்ற தவம் அண்ணை ஒருமுறை தும்மினார். அக்கா மறுபடி குடித்தாள். இந்தமுறை சிவலிங்கத்தாரே தும்மினார், அதுவும் ஒற்றைதான்.

"பாத்தியளே அக்கா, இதுதான் என்ரை வியாபாரம்" என்று மனிதர் ஒரு வாங்குப் பலகையில் பொத்தென்று இருந்தார். "மருமகன் சுவிசிலை இருந்து காசு அனுப்பி, மில்லைக் கடையாக்குங்கோ மாமா எண்டார். நாலு தரம் வெள்ளை அடிச்சாச்சு. கழுவியும் பாத்தாச்சு. வாற சனம் எல்லாத்தையும் பாத்து, விலை பேசி, காசைக் கையிலை எடுக்கேக்கை ஆரோ ஒராள் தும்மும். எழும்பிப் போயிடுவினம். மிளகாய் அரைச்ச காலத்திலை ஊரே தும்மித் தும்மி அரைச்சுக்கொண்டு போனது, ஒருத்தரும் சகுனம் பாக்கேல்லை!"

அவரிடம் அதற்கு மருந்தும் இருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒற்றைத் தும்மல் வந்தால் ஒரு சிட்டிகை போட்டு இரண்டாவதை வரவழைத்துவிடலாமாம். கையை நீட்டப் போனேன். அக்கா தட்டிவிட்டாள்.

"தும்மல் தானா வரவேணும். பொடி போட்டு வாறதுக்குப் பலன் இல்லை."

"அக்கா, இது தூளாலை வாற தும்மல். சகுனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை" என்றேன்.

"நீ கொழும்பிலை இருந்துகொண்டு கதைப்பாய். பிள்ளையின்ரை காரியம். இண்டைக்கு வேண்டாம், நடவுங்கோ."

"நாளைக்குச் சனி. சனியிலை வாங்குவியோ?"

"வாங்கமாட்டன்."

"ஞாயிறு விடிஞ்சால் அவை வருகினம்."

அக்கா பையை இறுக்கி மூடினாள். கதிரை எங்களுக்கு நடுவே நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே மானிப்பாய்க்கு நடந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அக்காவின் தொலைபேசி அடித்தது. அத்தான். சத்தத்தைக் கூட்டிவைத்துக் கதைப்பது அக்காவின் வழக்கம், அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"கிடைச்சதோ?" என்றார்.

"அளவாக் கிடைச்சது. ஆனால் காசை எடுக்கேக்கை இவள் சாந்தி ஒற்றையாத் தும்மிப்போட்டாள். இன்னும் ரண்டு பேரும் தும்மிப்போட்டினம். மனம் ஒப்பேல்லை."

அத்தான் அவசரப்படாமல் ஆறுதலாகக் கேட்டார்.

"இஞ்சாரும், நான் கிணத்தடியிலை விழுந்த அண்டைக்கு ஆர் தும்மினது?"

அக்கா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காற்றாடி சுழன்றபடியே இருந்தது, யாரோ தும்மினார்கள், யார் என்று அவள் திரும்பியும் பார்க்கவில்லை. காசை எண்ணாமலே எடுத்துச் சிவலிங்கத்தாரின் கையில் திணித்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதிரையைக் கொண்டுபோக வந்தது லாண்ட்மாஸ்ரர், அதாவது பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம். கட்டுவதற்குக் கயிறு போதவில்லை. கதிரை சரியாமல் இருக்க அதில் ஒருவர் இருந்தே வரவேண்டும் என்றார்கள். தும்மியது யாரோ அவர்தான் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆக, ஐம்பத்திநாலு வயதில், பட்டப்பகலில், குடையைப் பிடித்துக்கொண்டு, தேக்கங் கதிரையில் கோயிற்சிலைபோல உட்கார்ந்து இருபத்தைந்து கிலோமீற்றர் போனேன். கைதடியில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கை காட்டினார்கள். நாவற்குழிப் பாலத்தில் கடனீரேரிக் காற்று கதிரையின் இடுக்குகளிலிருந்த தூளையெல்லாம் கிளப்பிவிட, அரியாலைவரை தும்மிக்கொண்டே வந்தேன். ஒற்றையா இரட்டையா என்று எண்ணவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நீர், வானம், வெயிலில் நிற்கும் கொக்கு எல்லாம் ஒரே மட்டத்தில் தெரிந்தன. பஸ்ஸின் சாயும் ஆசனத்தைவிட இது எவ்வளவோ சுகம்.

அன்று பின்னேரம் அத்தான் அதில் இருந்தார். எழும்ப முயன்றார், பாதியில் திரும்ப இருந்துவிட்டார். சனிக்கிழமை முழுவதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பொல்லு விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா கதவடிக்கு ஓடுவாள். "வரவேண்டாம்" என்று குரல் வரும்.

ஞாயிறு பதினொன்றேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டாரின் வான் வாசலில் வந்து நின்றது. அத்தான் விறாந்தையில் கதிரையில் இருந்தார், வெள்ளை வேட்டி, சட்டை. படலை திறந்த சத்தம் கேட்டதும் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தார். கையின் நரம்பு புடைத்தது. அக்காவின் கை தன்னை அறியாமல் அவர் முழங்கையடிக்குப் போனது.

"விடும்" என்றார்.

எழும்பினார். கொஞ்சம் ஆடினார். நேராக நின்றார். மாப்பிள்ளையின் தகப்பன் படியில் கால் வைக்கையில் ஆறடி உயரத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது: "வாங்கோ, வாங்கோ." நான் உள்ளே போய்க் குசினியில் நின்று மூக்கைச் சிந்தினேன். அது தூளால் வந்ததில்லை.

பேச்சு நல்லபடி போனது. தேத்தண்ணீர், வடை, மழை, விலைவாசி எல்லாம் முடிந்து, மாப்பிள்ளையின் தாய் காரியத்துக்கு வந்தார். அவர் இருந்தது அத்தானின் கதிரைக்குப் பக்கத்தில். "அப்ப எங்களுக்குப் பூரண..." என்று தொடங்கினார். மூக்கு விடைத்தது. தும்மினார், ஒருமுறை.

அக்கா என்னைப் பார்த்தாள். வந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவர்களும் எங்கள் ஆட்கள்தானே. எல்லாரும் இரண்டாவது தும்மலுக்காகக் காத்திருந்தோம், அது வரவில்லை. அப்போது அத்தான் கைப்பிடியை ஊன்றி இரண்டாம் தடவையும் எழும்பினார். பொல்லை எடுத்தார், மேசையடிக்குப் போனார், ஒரு கிளாசில் தண்ணீர் வார்த்து, சிந்தாமல் கொண்டுவந்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"குடியுங்கோ. குடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ."

அந்த அம்மா எழும்பி நின்று வாங்கினார், முழுவதையும் குடித்தார். "இடுப்பு ஏலாத மனிசன் எழும்பிக் கொண்டுவந்த தண்ணி. இனி என்ன சகுனம் கிடக்கு? நாள் வைப்பம்" என்றார். அக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று பின்னேர ரயிலில் கொழும்புக்குத் திரும்பினேன். நேரத்துக்கு வரவில்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளுமில்லை, அந்தக் கோபத்தை இங்கே கொட்டி உங்களுக்கு அலுப்புத் தரவில்லை. வெள்ளவத்தையில் நாலாம் மாடியிலுள்ள என் வீட்டுக்குள் வந்து, கொழும்பின் பெரிய கடையொன்றில் பார்த்துப் பார்த்து வாங்கிய என் சாம்பல் நிறச் சோபாவில் விழுந்தேன். தேத்தண்ணீர் வைக்கலாம் என்று எழும்பப் பார்த்தால் எழும்ப முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, கடவுளைக் கூப்பிட்டு எழும்பினேன். கைப்பைக்குள் ஈர்க்கு முறியாமல் கிடந்தது. சோபாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் கடைகளைத் திட்டிய வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை சிவலிங்கத்தாரை அழைத்தேன்.

"பிழையா வந்த கதிரை இன்னொண்டு கிடக்கோ அண்ணை?"

"கிடக்கு அக்கா. அதோடை வந்த சோடி, அதே அளவு. உங்களுக்கெண்டால் அதே விலைக்குத் தாறன்."

"அப்ப எனக்கு ஒண்டு..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில் மறுமுனையில் அவர் தும்மினார்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தும்மலுக்குக் காத்திருந்தேன்.